பத்து முதல் பதினொன்று வரை

செப்டம்பர் 1, செவ்வாய்

பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக ஆட்சி செய்தவன் நான். சூரியனே என் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உதிக்கும் என்று டிரைவர்கள் பேசிக்கொள்வார்கள். (சரி, நான்தான் பேசிக்கொண்டேன்.) வராத பஸ்ஸை வந்ததாக ஒரு நாளும் எழுதியதில்லை.

காலையில் பள்ளிவாசல் வாட்ஸ்அப் குழுவைத் திறந்ததும் குமட்டியது. அவரவர் ஓய்வு நேரத்தை நன்மையில் கழிக்கட்டும், செய்ததை எழுதினால் மற்றவர்களுக்கும் ஆசை வரும் என்று எங்கள் இமாம் ஹஜ்ரத் ஆரம்பித்துவைத்தார், பாவம். செயலாளர் இரும்புக்கடைக்காரர் ஒரு கிழவிக்கு ஒரே ஒரு வாழைப்பழம் கொடுக்கிறார். அதற்கு ஆறு படம். ஆறாவது படத்தில் கிழவி தின்றே முடித்துவிட்டாள், இவர் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். த்தூ.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் கூட்டம். எங்கள் டிப்போவின் பழைய கண்டக்டர் குளியலறையில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து, ஆறு வாரம் படுக்கை. மனைவி இல்லை, மகன் வெளிநாட்டில். சமையல்காரம்மா சாப்பாடு கொடுத்துவிட்டுப் போகிறார். உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்ற ஓர் ஆண் வேண்டும். தினம் பத்து முதல் பதினொன்று. மூன்று பேர் முறை வைத்துப் போகலாம் என்றார் ஹஜ்ரத். நான் எழுந்தேன். “முறை எதுக்கு ஹஜ்ரத்? அவன் என் ஆளு. நான் ஒருத்தனே பாத்துக்கறேன்.” மின்விசிறிகள்கூடக் கைதட்டியது போலிருந்தது.

செப்டம்பர் 2, புதன்

கண்டக்டர் வீடு இரண்டாவது மாடி. கதவைத் திறந்ததும் ஒரு நாற்றம் வந்து என் காலரைப் பிடித்தது. பூமியிலுள்ள மீன் சந்தைகளெல்லாம் கூடி மாநாடு போட்டாலும் அப்படி நாறாது. மூத்திரம், வியர்வை, மருந்து, ஊறிப்போன தலையணை. கண்டக்டர் சிரித்தார். “வா டைம் கீப்பரே.”

“ஒரு அவசர வேலைப்பா. நாளைக்கு வர்றேன்.”

படியிறங்கி டீக்கடைக்குப் போனேன். மூன்று டீ, ஒரு பேப்பர். பதினொன்றுக்குக் குழுவில் எழுதினேன்: ‘நோயாளிக்குப் பணிவிடை, ஒரு மணி நேரம், முடிந்தது.’ இருபத்திரண்டு பேர் ‘மாஷா அல்லாஹ்’ என்று பாராட்டினார்கள். நாளை கட்டாயம் போக வேண்டும்.

செப்டம்பர் 5, சனி

இன்றும் டீக்கடையிலிருந்தே ‘முடிந்தது’ என்று எழுதியாயிற்று. டீ ஆறிப்போயிருந்தது.

செப்டம்பர் 8, செவ்வாய்

ஏழாவது ‘முடிந்தது’. இப்போது போனால் இத்தனை நாள் எங்கே என்று கேட்பாரே?

பள்ளிவாசலில் தையல்காரர் கேட்டார்: “மாமா, ஒரு நாள் நான் போகட்டா?”

“என் நன்மையில பங்கு கேக்கறியா நீ?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

செப்டம்பர் 11, வெள்ளி

ஜும்ஆ தொழுகையின் பயானில் ஹஜ்ரத் நேரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். எதில் கழித்தாய் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் மறுமையில் ஓர் அடி நகர முடியாது என்றார். பிறகு என்னைக் கைகாட்டினார். “கண்டக்டர்கிட்ட போன்ல விசாரிச்சேன். ‘டைம் கீப்பர் மேல ஒரு குறையும் சொல்ல மாட்டேன்’னாரு. இப்படி இருக்கணும்.” பள்ளிவாசல் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஆயிரம் தலை. சரி, இருநூறு.

வீட்டில் சோறு போட்டபடி மனைவி கேட்டாள்: “ஏங்க, அவருக்கு முதுகுல புண்ணு வந்துடுச்சாமே. சமையல்காரம்மா சொல்றாங்க. தினம் புரட்டி விடறீங்க, உங்க கண்ணுல படலையா?”

தட்டைத் தள்ளி வைத்தேன். வாழைப்பழக்காரனாவது பழத்தைக் கொடுத்தான். நான் என்னத்தக் கொடுத்தேன்? மத்தவனையும் போக விடல. சீ. கண்ணாடியப் பாக்கவே அருவருப்பா இருக்கு.

செப்டம்பர் 12, சனி

பத்து மணி வரை பொறுக்க முடியவில்லை, எட்டுக்கே போனேன். “இன்னிக்கு பஸ் முன்னாடியே வந்துடுச்சு” என்றார் கண்டக்டர்.

புரட்டினேன். விரிப்பு முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன்.

“ஹஜ்ரத்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா உன் மானம் போகும். என் முதுகு சரியாயிடுமா?” பிறகு, “தொழுகைய விடல. இந்த மூத்திரத் துணியோட தொழுதது கணக்குல சேருமான்னுதான்…”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “அப்புறம் அழுவியாம். முதல்ல அந்த முனையப் பிடி” என்றார்.

டாக்டரை அழைத்து வந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டியே ஆக வேண்டுமாம். ஓர் ஆளால் ஆகாது.

செப்டம்பர் 13, ஞாயிறு

குழுவில் எழுதினேன்: ‘பத்து நாளாக நான் எழுதியது பொய். முதல் நாள் வாசலோடு திரும்பினேன், அப்புறம் போகவே இல்லை. அவருக்குப் புண் வந்துவிட்டது. புரட்டுவதற்கு ஆட்கள் வேண்டும்.’

இரும்புக்கடைக்காரர் பதில் போட்டார்: ‘மாஷா அல்லாஹ், என்ன ஒரு பணிவு.’ கீழே நாலு இதயம். போனை அரிசி மூட்டைக்குள் எறிந்தேன்.

தையல்காரர் எதுவும் எழுதவில்லை. நாலு மணிக்குக் கண்டக்டர் வீட்டு மாடியில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. “நான் கால் பக்கம். நீங்க தோள் பக்கம்.” அவ்வளவுதான் பேச்சு.

செப்டம்பர் 17, வியாழன்

இரும்புக்கடைக்காரர் போனும் கையுமாக வந்தார். கண்டக்டர் படுத்தபடியே, “படம் எடுக்கணும்னா டிக்கெட் வாங்கிட்டு ஏறு” என்றார். மனிதர் போனைப் பையில் போட்டுவிட்டு, கட்டிலடியில் இருந்த மூத்திரப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். நாற்றம் இன்னும் எனக்குப் பழகவில்லை. அவருக்கும்தான், முகம் போன போக்கைப் பார்த்தேன். ஆனால் கழுவிக் கொண்டுவந்து வைத்தார்.

செப்டம்பர் 22, செவ்வாய்

தையல்காரர் இன்று மறுபடியும் என்னை மாமா என்றார்.

அக்டோபர் 3, சனி

புண் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. வழியில் மழை, நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து பத்து.

“எங்க போய்த் தொலஞ்ச? எவ்வளவு நேரம் கதவையே பாத்துக்கிட்டுக் கிடக்கறது? மனுசன்னா ஒரு நேரம் காலம் வேணாம்?”

பத்து நாள் எட்டிப் பார்க்காதவனை ஒரு வார்த்தை சொல்லாத மனிதர். இன்று பத்து நிமிஷத்துக்குத் திட்டுகிறார். வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து துடைத்தேன். முதுகு முடிந்தது, கை முடிந்தது, கால்விரல் இடுக்குகூட முடிந்தது. அவர் இன்னும் திட்டி முடிக்கவில்லை.