அறுபத்து நான்காவது பெயர்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இந்த நாள்வரை நம்மைத் தாங்கிவந்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நீ எந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து இதைப் பிரித்தாலும் சாப்பிட்டுவிட்டுப் படி. வெறும் வயிற்றில் படிக்கிற கடிதம் இல்லை இது.

இது நான்காவது கடிதம். முந்தைய மூன்றும் திரும்பி வரவில்லை, பதிலும் வரவில்லை. உன்னை ஒரு பட்டறையில் பார்த்ததாகச் சொல்லி, லாரி ஓட்டும் உன் சிநேகிதன் இந்த விலாசத்தைக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. நீ இன்னும் அங்கேதான் இருக்கிறாயா என்று தெரியாமலே எழுதுகிறேன். தபால்காரர் என்னைக் கண்டால் இப்போதெல்லாம் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். மனிதர் பாவம், அவர் என்ன செய்வார்.

அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நீ வாசர் மாற்றித் தருகிறேன் என்று சொன்ன அதே குழாய்தான். வேறு ஆளைக் கூப்பிட அம்மா விடமாட்டேன் என்கிறாள்.

போன ஞாயிறு நம் சபையின் நாற்பதாம் ஆண்டு விழா. கிடங்காக இருந்த நம் கூடத்துக்கு வெள்ளையடித்தோம். மூட்டை தூக்கிய கொக்கி மட்டும் உத்தரத்தில் அப்படியே தொங்குகிறது, அதிலும் காகிதப் பூ கட்டினார்கள். ‘விசுவாசத்தோடு முன்னோக்கி’ என்று பெரிய துணியில் எழுதிப் போட்டிருந்தார்கள். ஒற்றெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன், அதைத்தானே முதலில் பார்ப்பேன்.

ஆண்டு விழாவில் பெயர்ப் பதிவேடு வாசிப்பது உனக்குத் தெரியாததா. ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குக் கை ஓடும். சபையில் சேர்ந்த வரிசைப்படி எல்லாப் பெயரையும் நான் வாசிப்பேன். இருப்பவர் எழுந்து ‘இருக்கிறேன்’ என்பார். இறந்துபோனவர் பெயர் வந்தால் சபை முழுக்க ‘கர்த்தரிடத்தில் இருக்கிறார்’ என்று சொல்லும். தூரத்தில் இருப்பவர் என்றால், பெயருக்கு முன்னால் நான் கொஞ்சம் நிறுத்தி ‘வெளியூர்’ என்று சொல்ல வேண்டும். அப்போது வீட்டார் எழுந்து ‘சுகமாக இருக்கிறார்’ என்பார்கள்.

உன் பெயரை வாசிப்பதா வேண்டாமா என்று கமிட்டியில் ஒரு மணி நேரம் பேசினோம். நீ ஓட்டிய சபை வேன் கவிழ்ந்து பதினோரு மாதம்தான் ஆகிறது, தச்சரும் அவர் மகளும் போன காயம் ஆறவில்லை என்றார்கள். பிரேக் குழாய் வெடித்ததுதான் காரணம், ஓட்டியவர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்த தாளை நான் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன். அதை யாரும் மறுக்கவில்லை. கடைசியில் மருந்துக்கடைக்காரர்தான் ஒரு வழி சொன்னார். ‘பேர வாசிங்க, வேணாங்கல. ஆனா அதுகிட்ட வந்து நின்னு, வெளியூர்னு அழுத்திச் சொல்லி, எல்லார் நெஞ்சையும் கிளறாதீங்க. ஓட்டத்தோட ஓட்டமா போயிடுங்க’ என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். பெயராவது நிற்கட்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொல்லவும் இல்லை.

அவளோ ஒரு வாரமாக அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசி களையும்போது, துணி மடிக்கும்போது, ‘சுகமாக இருக்கிறான்’ என்று முணுமுணுப்பாள். குரல் உடையாமல் சொல்லிவிட வேண்டும் என்பது அவள் கவலை. நீ சுகமாக இருக்கிறாயா என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

உன் பெயர் அறுபத்து நான்கு. உனக்கு மேலே வரிசையாக ஆறு பேர், ஆறு பேருமே இப்போது இல்லை. நான்கு பேர் வயதாகிப் போனவர்கள். அறுபத்திரண்டும் அறுபத்துமூன்றும் தச்சரும் அவர் மகளும். ஆறு தடவை தொடர்ந்து சபை ‘கர்த்தரிடத்தில் இருக்கிறார்’ என்று சொன்னது. அடுத்து நான் நிறுத்தவில்லை. வெளியூர் என்று சொல்லவில்லை. ஓட்டத்தோட ஓட்டமாக உன் பெயரை வாசித்தேன்.

சபை ‘கர்த்தரிடத்தில் இருக்கிறார்’ என்று சொல்லிவிட்டது.

யார் மேலும் குற்றமில்லை, வாய் பழகிய வேகம் அது. ஆனால் முன்வரிசையில் இருந்த உன் அம்மாவும் அவர்களோடு சேர்ந்து சொல்லிவிட்டாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள்.

அப்போது தச்சரின் மனைவி, நம் தையல்கார அக்கா, எழுந்தாள். ‘அந்தப் பையன் சாகல. திருப்பி வாசிங்க’ என்றாள். நான் நிறுத்தி, ‘வெளியூர்’ என்று சொல்லி, மறுபடியும் வாசித்தேன். வீட்டார் சார்பில் யாரும் பதில் சொல்லவில்லை. அம்மாவால் தலை நிமிர முடியவில்லை. நான் சொல்லியிருக்கலாம், என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. போதகர் அறுபத்து ஐந்தை வாசிக்கச் சொன்னார். பிறகு, இனி சேரப்போகிறவர்களுக்காக நான் கோடு போட்டு வைத்த வெற்றுப் பக்கத்தின் மேல் கை வைத்து எல்லோரும் ஜெபித்தார்கள். நானும் கை வைத்தேன். என் மனம் பழைய பக்கத்தை விட்டு நகரவில்லை.

அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. ‘பெத்தவ வாயால சொல்லிட்டேனே, பலிச்சிட்டா என்ன பண்ணுவேன்’ என்பதுதான் பேச்சு. அப்படியெல்லாம் இல்லை என்று போதகர் வந்து சொன்னார். டாக்டரும் ஒரு மாத்திரை எழுதினார். அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால் ஒழிய அவள் தேறமாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

செவ்வாயன்று தையல்கார அக்கா வீட்டுக்கு வந்து அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுப் போனாள். வாசலில் என்னிடம், ‘அவன மன்னிச்சிட்டேன்னு பொய் சொல்லமாட்டேன் அண்ணே. ஆனா சாகணும்னு ஒரு நாளும் நெனச்சதில்ல. வந்து என் முகத்த ஒரு தடவ பாக்கணும், அவ்வளவுதான்’ என்றாள். அவள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உன்னைக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. ‘இத்தன பேர் படுத்துக் கெடக்காங்க, நீ மட்டும் எப்படிடா நின்னுகிட்டிருக்கே’ என்று கேட்டேன். மறுநாள் காலையில் நீ இல்லை. நான் கேட்டது தப்பு மகனே. இதுவரை எழுதிய மூன்று கடிதத்திலும் இதை எழுத எனக்குத் துணிவு வரவில்லை.

இதனுடன் ஒரு தபால் அட்டை வைத்திருக்கிறேன். விலாசத்தை நானே எழுதிவிட்டேன். எங்கே இருக்கிறாய், எப்போது வருவாய், எதுவும் எழுத வேண்டாம். ‘இருக்கிறேன்’ என்று மட்டும் உன் கையால் எழுதிப் பெட்டியில் போடு. அம்மா உன் கையெழுத்தைத் தொட்டுப் பார்க்கட்டும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. நீ எங்கேயோ நின்றுகொண்டிருக்கிறாய் என்பதே எங்களுக்குப் போதும்.

உன் வரவுக்கு வாசலைத் தாழிடாமல் இருக்கும்,
அப்பா