இராசநாயகம் என்ற ஜேர்சி

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் துவாரகன் எழுதுவது. முழங்கால் நோவு குறைந்ததா? அம்மா நேரத்துக்கு மருந்து எடுக்கிறாவா? நான் நல்ல சுகம்.

போனில் சொன்னால் பாதியிலேயே ஏசுவீர்கள் என்பதால் இதை எழுதுகிறேன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போலை வைத்து ஒரு வீடியோ கேம் வந்திருக்கிறது. பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓட வேண்டும். டிவியில் பூட்டும் கேம் பெட்டி எந்த வகையென்றாலும் இன்ரநெற் வழியாகச் சேர்ந்து விளையாடலாம் என்பதால், இங்கே மோர்னிங்சைட்டில் என் அறையில் இருந்தபடியே, தள்ளி யூனியன்வில்லில் வேறு வகைப் பெட்டி வைத்திருக்கும் நண்பன் ஜஸ்ரினோடு விளையாடுகிறேன்.

நாங்களே ஒரு வீரனை உருவாக்கலாம். பாஸ்போட்டில் உள்ளபடி என் பெயரையும், குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் உங்கள் பெயரையும் அடித்தேன். ஆட்டம் தொடங்கியதும் பார்த்தால், வீரனின் ஜேர்சியில், முதுகுப் பக்கம், இராசநாயகம் என்று உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது. மூன்று பேரைத் தள்ளி விழுத்திவிட்டு நீங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டினீர்கள் அப்பா. அரங்கம் முழுக்க எழும்பி நின்றது. ஜஸ்ரின் ஹெட்செற்றில், "மச்சான், உன்ர அப்பாவை ஒருத்தராலயும் பிடிக்கேலாதடா" என்றான்.

நீங்கள் அந்தக் காலத்தில் பந்தடித்த பள்ளிக்கூட அணியில் உங்களுடைய ஜேர்சி இலக்கம் என்ன? சொன்னால் அதையே முதுகில் போட்டுவிடுவேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது, வேலைக்குப் போக வேண்டும். அங்கேயும் சட்டையில் குத்தியிருக்கும் பெயர் அட்டையைப் பார்த்து எல்லோரும் என்னை உங்கள் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது, வழமைபோலத் தம்பி என்னாமல், ஒருக்கால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கேட்டுக் கனகாலம்.

மகன்,
துவாரகன்