தீர்ப்புக்குத் தமுக்கு

மேலகரம்,
ஆடி மாதம், 1959

பம்பாயில் சோற்றோடு கோபத்தையும் சேர்த்துப் பொங்கித் தின்னும் அண்ணன் நல்லதம்பிக்கு, வாலில்லாத தங்கை உலகம்மை எழுதுவது. நான் நலம். அம்மாவும் நலம் என்று எழுதச் சொல்கிறாள். சொல்கிறாள் என்பதை மட்டும் நம்பு.

சாரல் நன்றாக விழுகிறது. நீ போனபின் உன்னை அடித்த குற்றாலத்து டீக்கடைக்காரர் கதையை மாற்றிவிட்டார். நம் சாதிக்கென்று சிரட்டையில் ஊற்றியதையும், நீ தம்ளர் கேட்டதையும் விழுங்கிவிட்டு, "தம்ளரைத் திருடினான், அடிச்சேன்" என்கிறார். அடித்ததற்குக் கோர்ட்டில் அவரே அபராதம் கட்டியதைப் பற்றி மூச்சே இல்லை. அந்தத் திருட்டுக் கதையை நம்பி, உனக்குப் பேசியிருந்த தங்கபுஷ்பம் வீட்டில் கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

தென்காசிக் கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பு நகல் கேட்டேன். "கட்சிக்காரன்லா வரணும், நீ யாருட்டி?" என்றார் குமாஸ்தா. "கட்சிக்காரன் பம்பாய்ல, பொய்தான் இங்கன கிடக்கு" என்றேன். காரணம் எழுதி மனுக் கொடுக்கச் சொன்னார். 'ஊருக்குத் தெரியணும்' என்று எழுதினேன். குமாஸ்தா சிரித்தார். மாஜிஸ்திரேட் சிரிக்காமல் உத்தரவு போட்டார்.

நகல் கைக்கு வந்ததும், "ஜப்தின்னா தெருத்தெருவா தமுக்கு அடிக்கீய, தீண்டாமைக்கு அபராதம்னா ஏன் அடிக்கல?" என்று குமாஸ்தாவிடம் கேட்டேன். "அதுக்குச் சட்டம் இல்லட்டி" என்றார். சட்டம் இல்லாவிட்டால் போகிறது, வீட்டில் மண்ணெண்ணெய் டின் இருக்கிறதே!

ஞாயிற்றுக்கிழமை அதைத் தட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். "ஏட்டி, மானத்த வாங்காத" என்று அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள். இங்கிலீஷ் தீர்ப்பைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே போனேன். தங்கபுஷ்பம் வீட்டு வாசலில், நீ கோர்ட்டில் சொன்ன இடம் வந்தது. 'அடி வலிக்கவில்லை. அம்மா பார்த்துக்கொண்டு நின்றதுதான் வலித்தது.'

எங்களிடம் நீ இதைச் சொன்னதே இல்லையே அண்ணே. தட்டுவதை விட்டுவிட்டு அந்த வரியையே மறுபடி பார்த்தேன். அம்மா டின்னைப் பிடுங்கினாள். வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் என்று நினைத்தேன். மீதித் தெருவுக்கு அவளே தட்டினாள்.

தங்கபுஷ்பத்தின் அப்பா கூடவே வந்து, இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு அம்மாவிடம், "ஆவணியில நாள் பாக்கணும், மாப்பிள்ள எப்பம் வருதாரு?" என்றார். "சாரல் முடியுமுன்ன வந்துருவான்" என்று சொல்லிவிட்டாள்.

அம்மா என்னைப்போலப் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. அவளைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே. வந்துவிடு அண்ணே.

உன் வரவுக்கு நேர்ந்துகொண்டு,
உலகம்மை