இடப்பக்கம் நான்கு பூச்சு

மார்ச் 1, ஞாயிறு

எதையும் எழுதத் தொடங்குமுன் எண் போட்டுப் பிரித்துக்கொள்வது என் பழக்கம். கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை வைக்கும் வேலையில் முப்பத்துநான்கு வருடம் இப்படித்தான் அறிக்கை எழுதினேன். ஓய்வு பெற்றும் பழக்கம் போகவில்லை. இந்த நோட்டில் எழுத வேண்டியவை:

1. காரின் பின்விளக்குகள் இரண்டும் இரண்டு நிறமாய்ப் போனது எப்படி.
2. அவற்றை நான் ஒரே நிறமாக்கியது எப்படி.
3. வியாழக்கிழமை நடந்தது.
4. நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை என்பது.
5. இனிச் செய்ய வேண்டியது.

ஐந்தாவதற்கு இப்போது என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் நான்கோடு நிறுத்தினால் பட்டியல் முடிந்த மாதிரி இல்லை.

மார்ச் 2, திங்கள்

முதல் இரண்டையும் இன்றே எழுதிவிடுகிறேன். அவை சுலபம்.

ஜனவரியில் காரைப் பின்னால் எடுத்தபோது எங்கள் வீட்டு வாசல் தூணிலேயே மோதினேன். வலப்பக்கப் பின்விளக்கின் கண்ணாடி நொறுங்கியது. மெக்கானிக் புதிது மாட்டினார். "ஜோடியா மாத்திருங்க சார், இல்லாட்டி நல்லா இருக்காது" என்றார். உடையாத பொருளை ஏன் எறிவது என்று இடப்பக்கத்தை விட்டுவிட்டேன். அது பதினொரு வருடம் வெயில் தின்றது. பலமுறை துவைத்த சிவப்புத் துணிபோல் வெளுத்திருந்தது. பக்கத்தில் புதிது மின்னியது.

"ஒரு கண்ணுக்கு மட்டும் மை வச்ச மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். எனக்குத் தூக்கம் கெட்டது. இரண்டு தட்டும் சமமாக நிற்காத தராசைப் பார்த்தால் இன்றும் என் கை தானாக நீளும்.

விளக்குக் கண்ணாடிக்கென்றே சிவப்பு ஸ்ப்ரே விற்கிறார்கள். ஒன்று வாங்கினேன். இரண்டு பூச்சுக்கு மேல் அடிக்க வேண்டாம் என்று டப்பாவில் போட்டிருந்தது. படித்தேன். படிக்காமல் எதையும் செய்கிறவன் இல்லை நான். இடப்பக்கம் இரண்டு பூச்சு அடித்ததும் அது வலப்பக்கத்தைவிடக் கருத்துவிட்டது. வலப்பக்கம் ஒன்று அடித்தேன். இப்போது வலம் கருப்பு. இடத்துக்கு இன்னொன்று. வலத்துக்கு இன்னொன்று. பூனைகளுக்குக் குரங்கு பங்கு பிரித்த கதைதான். கடைசியில் இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் மூன்று. இரண்டும் ஒன்றுபோல் ஆயின. பழுத்த நாவற்பழ நிறம்.

சோதிக்காமல் விடவில்லை. ஷெட்டின் கதவை இழுத்து மூடி, மனைவியை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். விளக்கு பளிச்சென்று தெரிந்தது. சிறு குறிப்பேட்டில் தேதி போட்டு "திருப்தி" என்று எழுதினேன்.

மனைவி இறங்கும்போது ஒன்று சொன்னாள். "இருட்டுல தீக்குச்சிகூடப் பளிச்சுனுதாங்க தெரியும்."

அதை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாவது.

போன வியாழன் மாலை நான்கு மணி. தபால் நிலையத்தைத் தாண்டி ஒரு வளைவு. வெயில் சாய்ந்து என் காரின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம்கூட இல்லை. பின்னாலிருந்து இடி.

பள்ளிக்கூட வேன். ஓட்டியவர் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். அவர் இறங்கியதும் என்னிடம் வரவில்லை. பக்கவாட்டுக் கதவைத் திறந்து பிள்ளைகளைத்தான் பார்த்தார். வீட்டில் இறக்கிவிட வேண்டிய பிள்ளைகளில் இரண்டு பேர் மீதம் இருந்தார்கள். அதில் ஒரு சிறுமிக்கு முன்சீட்டுக் கம்பியில் மோதி உதடு கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தம். அந்தப் பெண் தன் துப்பட்டாவை மடித்து அவள் வாயில் வைத்து அழுத்தியபடியே என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அதற்குப் பிறகுதான் சொன்னார். "லைட்டே தெரியலையே ஐயா."

நான் குனிந்து சாலையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன். நான்கு பூச்சு அடித்த இடப்பக்கம்தான் உடைந்திருந்தது. யார் காலிலாவது குத்திவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு துண்டு விடாமல் பொறுக்கினேன்.

பள்ளியின் வேன் சூப்பர்வைசர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கூடவே இரண்டு டிரைவர்கள். சூப்பர்வைசர் மரியாதையாகத்தான் கேட்டார். "சார், பிரேக் போட்டப்ப லைட் எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது" என்றேன்.

அவர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "பெரியவர் சொல்றாரு பாரு. கவனம் எங்க இருந்துச்சு உனக்கு?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த துண்டுகளைப் பார்த்தேன்.

நான்காவதையும் இங்கேயே எழுதலாம். விளக்கு எரிந்ததா என்றுதான் கேட்டார்கள். எரிந்தது. பல்பு இரண்டும் புதியவை, காலையில்கூடப் பார்த்தேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில். இதில் பொய் எங்கே இருக்கிறது?

பின் ஏன் துண்டுகளைத் துணிப்பையில் போட்டு அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்?

மார்ச் 5, வியாழன்

மாடியில் குடியிருக்கும் வக்கீலின் பேரன் அதே வேனில்தான் போகிறான். மாடிப்படியில் வக்கீல் தாமாகவே பேச்செடுத்தார்.

"அந்த டிரைவரம்மாவை நிறுத்தி வச்சிருக்காங்க. பதினெட்டாம் தேதி கமிட்டி கூடி அனுப்பிருவாங்கன்னு பேச்சு. ஒன்பது வருஷமா ஒரு கீறல் இல்ல, பாவம். வீட்டுக்காரரும் இல்ல."

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, குரலைத் தாழ்த்தினார். "நீங்க எதுக்கு முழிக்கிறீங்க? பின்னாடி வந்து இடிச்சா இடிச்சவங்க தப்பு. சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஓடுற பாம்பை எடுத்து மடியில கட்டிக்காதீங்க."

நன்றி என்று சொன்னேன். எதற்கு நன்றி சொன்னேன்?

மார்ச் 6, வெள்ளி

சிறுமிக்கு இரண்டு தையல் என்று கேள்விப்பட்டேன். பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லையாம்.

மார்ச் 7, சனி

மதியம் முழுதும் ஷெட்டுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். நான்கு மணிக்கு மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"வாங்க. காரை ரோட்டுக்கு எடுங்க. நான் மிதிக்கிறேன், நீங்க பாருங்க. இப்படிக் கூண்டுல அடைச்ச மாதிரி நடந்தா தரை தேஞ்சிரும்."

நான் எதுவும் சொல்லாமலே இவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

வெயில் பின்பக்கம் விழும்படி காரை நிறுத்தினேன். வலப்பக்க விளக்கு மட்டும்தான் மிச்சம். மூன்று பூச்சு அடித்தது. காலடியை எண்ணி இருபது எட்டு நடந்து திரும்பி நின்றேன்.

"மிதி" என்றேன்.

பார்த்துக்கொண்டே நின்றேன்.

"மிதிச்சாச்சா?"

"மிதிச்சுட்டுதாங்க இருக்கேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். வெயிலில் கண்ணாடி மின்னியது. அதற்குள் விளக்கு எரிகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பதினைந்து எட்டில் தெரியவில்லை. பத்தில் தெரியவில்லை. குனிந்து கையால் வெயிலை மறைத்தபோதுதான் உள்ளே சாம்பலில் புதைந்த தணல்போல் ஒன்று தெரிந்தது. இது மூன்று பூச்சு. உடைந்தது நான்கு.

மனைவி இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். தீக்குச்சிப் பேச்சை அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேலையில் இருந்தபோது ஒரு கடைக்காரரைப் பிடித்தேன். அவர் தராசில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வாங்குகிறவர் கண்ணுக்கு முள் தெரியாதபடி அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். "தராசு சரியாத்தானே சார் இருக்கு" என்று அழாத குறையாகக் கேட்டார். சரியான எடை அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது சரியான எடை இல்லை என்று அவருக்கு விளக்கிவிட்டு வழக்குப் போட்டேன். அன்று எவ்வளவு தெளிவாகப் பேசினேன்.

ஷெட்டின் கதவை நான் ஏன் மூடினேன்? வெளிச்சம் தொந்தரவாக இருந்தது என்றா? இல்லை, எனக்குத் "திருப்தி" வேண்டியிருந்ததா?

மார்ச் 8, ஞாயிறு

பள்ளிக்குக் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். கிழித்தேன்.

மார்ச் 9, திங்கள்

இன்னொரு கடிதம், ஒன்றரைப் பக்கம். "தற்செயலாக" என்ற சொல் நான்கு இடத்தில் வந்திருந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"கடுதாசிக்குக் கால் இல்லீங்க. உங்களுக்கு இருக்கு."

வக்கீலின் மருமகளிடம் டிரைவரின் விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்ததும் அவள்தான்.

டிரைவர் அம்மா ஒரு வரிசை வீட்டின் கடைசி அறையில் இருக்கிறார். வாசலில் வேன் சீட் உறைகளைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வேலையை விட்டு நிறுத்தியவர்களின் உறைகளை ஏன் துவைக்கிறார் என்று கேட்க வாய் வந்தது. "ரத்தம் பட்டது. நாந்தான எடுத்தாந்தேன், நாந்தான குடுக்கணும்" என்று அவரே சொன்னார். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார். நான் நின்றபடியே சொன்னேன். பூச்சு, ஷெட், இருபது எட்டு எல்லாம். வரிசை மாறிப் போயிற்று.

கடைசியில், "எரிஞ்சுதான்னுதான் கேட்டாங்க. அதனால எரிஞ்சுதுன்னு..." என்று இழுத்தேன்.

"நான் தெரியலைன்னு சொன்னது உங்க காதுல விழுந்துச்சா இல்லையா ஐயா?"

"விழுந்துச்சு."

உறையை உதறிக் கொடியில் போட்டார். "எனக்கே சந்தேகம் வந்துருச்சு, தெரியுமா? லைட் எரிஞ்சுருக்கு, நாந்தான் எங்கயோ பார்த்துட்டேன்னு. பத்து நாளா கண்ணை மூடினா அந்தப் புள்ள வாய்தான் வருது. கண் டாக்டர்கிட்டகூடப் போயிட்டு வந்தேன்."

பள்ளிக்கு எழுத்தில் கொடுத்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"எழுதி டிராயர்ல போட்டு வச்சுக்குவாங்க. ஐயா, உங்களை அன்னைக்கு நாலு பேர் முன்னாடி கேட்டாங்க, நாலு பேர் முன்னாடி சொன்னீங்க. ஸ்கூல் வேன் ஷெட்டுல அதை வச்சுத்தான் சிரிக்கிறாங்க, பொம்பளை ஓட்டினா இப்படித்தான்னு. அதே நாலு பேர் முன்னாடி வந்து சொல்லுங்க. முடியாதுன்னா சும்மா இருந்துருங்க. பாதியா எதுவும் செய்யாதீங்க."

சரி என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் மூன்று முறை முடியாது என்று நினைத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

போகவில்லை. முழங்கால் வலி. உண்மையாகவே வலித்தது.

மார்ச் 11, புதன்

இரண்டரை மணிக்கு வேன்கள் கிளம்புமுன் பள்ளியின் வேன் ஷெட்டுக்குப் போனேன். டிரைவர்கள் ஏழு பேர் இருந்தார்கள், சூப்பர்வைசர் மேசையில் இருந்தார். டிரைவர் அம்மா வாசலருகே நின்றார். நான் வருவேன் என்று நம்பி வந்தாரா, வரமாட்டேன் என்று பார்க்க வந்தாரா தெரியாது.

ஏழு வாக்கியம் தயார் செய்து மனப்பாடம் பண்ணியிருந்தேன். இரண்டுதான் வந்தன. "அந்த அம்மா சொன்னதுதான் சரி. என் விளக்கு தெரிஞ்சிருக்காது."

"நீங்கதான சார் எரிஞ்சுதுன்னீங்க?"

துணிப்பையை அவிழ்த்து மேசையில் கொட்டினேன். சூப்பர்வைசர் ஒரு துண்டை எடுத்து ஜன்னலுக்கு எதிரே பிடித்தார்.

"இதுல வெளிச்சம் எப்படி சார் வரும்?"

"நாலு பூச்சு அடிச்சேன். ரெண்டுக்கு மேல கூடாதுன்னு போட்டிருந்துச்சு."

பின்னாலிருந்து ஒரு டிரைவர் சொன்னார். "பெரியவர் காருக்கும் தலைக்கும் ஒரே டப்பால அடிச்சிருக்காரு போல."

எல்லோரும் சிரித்தார்கள். ஆம், நான் தலைக்குச் சாயம் போடுகிறேன். டிரைவர் அம்மா சிரிக்கவில்லை. "சிரிச்சது போதும். போன வாரம் என்ன சொல்லிச் சிரிச்சீங்களோ, அதை இப்ப ஐயா முன்னாடி சொல்லுங்க பார்ப்போம்" என்றார். ஒருவர் வேனைக் கிளப்பப் போய்விட்டார்.

சூப்பர்வைசர் காகிதம் கொடுத்தார். அங்கேயே நின்று எழுதினேன். "தற்செயலாக" இல்லை. துண்டுகளை அவரே வைத்துக்கொண்டார். "கமிட்டியில குடுக்கிறேன். ஆனா ஒண்ணு சார், அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு நிமிஷ வேலை."

ஆமாம் என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

மெக்கானிக் இரண்டு கண்ணாடியும் புதிதாக, ஜோடியாக மாட்டினார். "அன்னைக்கே சொன்னேன்ல சார்" என்றார். இந்த வாரம் எல்லோரும் எனக்கு அன்றைக்கே சொல்லியிருக்கிறார்கள்.

நான்கு மணிக்கு, வெயிலில், முப்பது எட்டு. மனைவி மிதித்தாள். தெரிந்தது. குறிப்பேட்டில் எதுவும் எழுதவில்லை.

மார்ச் 19, வியாழன்

நேற்று கமிட்டி கூடியது. முடிவு எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

காலை, மனைவியின் மூக்குக்கண்ணாடிக்குப் புதிய சட்டம் போட இருவரும் காரில் போனோம். தபால் நிலைய வளைவுக்கு முன்னால் ஒரு கிழவர் சாலையைக் கடக்க நின்றார். பிரேக் போட்டேன். பின்னோக்கும் கண்ணாடியில் பள்ளி வேன் ஒன்று மெதுவாகி, நல்ல தூரத்திலேயே நின்றது. இரண்டு கார் நிற்கும் இடைவெளி இருக்கும்.

"அந்தம்மாதான்" என்றாள் மனைவி, திரும்பிப் பார்த்து.

அவர்தான். முன் வரிசையில் அந்தச் சிறுமி, வாயை வேன் கண்ணாடியில் ஒட்டி ஆவி ஊதி, விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். நான் கையைத் தூக்கலாமா என்று யோசிப்பதற்குள் கிழவர் கடந்துவிட்டார். டிரைவர் அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகுதான் அவர் வேனை நகர்த்தினார்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். ஐந்தாவது முடிந்தது, பாதியாக இல்லாமல், ஆனால் தாமதமாக. முதல் மூன்றும் நடந்தவை, அவற்றில் திருத்த ஒன்றும் இல்லை.

நான்காவது தவறு. பொய் சொன்னேன்.