சாம்பல் வாசம்

ஜூன் 4
ஒயின் தயாரிக்கும் க்ளெம்மின் கொட்டகைக்குப் போனேன். ஜனவரிக் காட்டுத்தீயின் புகை இந்த மலையடிவாரத்தையே மூடியதே, அந்தப் புகையில் பழுத்த திராட்சை. பீப்பாயிலிருந்து ஒயின் எடுத்துக் கொடுத்தான். வாயில் வைத்துத் துப்பினேன். சிகரெட் அணைக்கிற கிண்ணத்தை நக்கியது மாதிரி சாம்பல் நின்றது. கடைக்கு எடுக்க மாட்டேன் என்றேன்.

"இத்தனை வருசமா என் ஒயினைத்தான வித்த, மோர்னா? இப்பதான் உனக்கு மூக்கு முளைச்சுதா?"

"இதை நீயே குடி. என் கடைக்கு வர்றவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

வாயை மூடியிருக்கலாம். என் மூக்கில் தலையால் முட்டிவிட்டான். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

ஜூன் 5
இரண்டு இடத்தில் முறிவு. போலீசுக்குப் போகச் சொல்கிறார்கள். போலீஸ் எதற்கு? அவனை நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 12
மூக்குக் கட்டைப் பிரித்தார்கள். காப்பியில் மூக்கை விட்டேன். ஒன்றுமில்லை. பூண்டு, வினிகர், பெட்ரோல் — ஒன்றுமே இல்லை. வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். கடைக்கு ஒயின் பார்த்து வாங்குகிறவள் நான். மூக்கு இல்லையென்றால் எனக்கு அங்கே என்ன வேலை?

நாசமாப் போவான்.

ஜூன் 20
முதலாளி வெர்னான் ஆறு கோப்பைகளை வைத்தார். "எதை எடுக்கலாம், சொல்லு." அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான்காவதைத் தொட்டேன்.

"அது தக்கை கெட்டு நாத்தமடிக்கிற பாட்டில், மோர்னா. தெருவுல போறவன்கூடச் சொல்லிடுவான்."

அடுத்த மாத முடிவு வரைதான் பொறுப்பாராம்; அதற்குப் பிறகு வேலை இல்லை. கோப்பைகளை ஒவ்வொன்றாகச் சுவரில் அடித்தேன். உள்ளங்கையில் தையல் போட்டிருக்கிறது.

ஜூன் 28
க்ளெம்மின் பல்லை எப்படி உடைப்பது என்று நாள் முழுக்க யோசித்தேன். இதமாக இருந்தது.

ஜூலை 1
கடப்பாரையோடு போனேன். கொட்டகையில் ஆளில்லை. முதல் பீப்பாயின் மேல் ஓங்கிப் போட்டேன். பலகை பிளந்து ஒயின் முகத்தில் பீறிட்டது. திரும்பினால் வாசலில் க்ளெம். தடுக்கவில்லை.

"அடி. ஒருத்தனும் வாங்கல. எனக்குத்தான் கை வரல. நீயே அடி."

அடுத்ததையும் பிளந்தேன். அப்போதுதான் — சாம்பல்! நனைந்த சாம்பல், மூக்குக்குள்ளே! கடவுளே!

"நாறுதுடா! நான் சொன்னேன்ல? நாறுது!" தொண்டை கிழியக் கத்தினேன். சிரித்தேனா, அழுதேனா?

அவனும் சம்மட்டியைத் தூக்கினான். ஆளுக்கொரு பக்கம் உடைத்தோம். தரையெல்லாம் சிவப்பு. மூலையிலிருந்த கடைசிப் பீப்பாயில் அவன் போட்ட ஒரே அடியில் கசிவு. குனிந்தேன். மிளகு. பிளம் பழம். அவ்வளவுதான்.

"நிறுத்துடா! இதுல புகையே இல்ல!"

"ஓடைக்கு அந்தாண்டத் தோட்டத்துது அது. காத்து அங்க போகலையோ என்னவோ. எல்லாமே ஒண்ணுதான்னு நினைச்சேன். இந்த நாத்தத்துலயே கிடந்து எனக்கு ஒண்ணுமே தெரியல, மோர்னா."

கசிவில் என் கழுத்துத் துணியைத் திணித்தேன்.

ஜூலை 2
நான் கொண்டுபோன அந்த ஒயினை வெர்னான் குடித்துப் பார்த்தார். மாத முடிவு பற்றிப் பேச்சே இல்லை. "போய் வாங்கிட்டு வா" என்றார்.

போனேன். க்ளெம் கை குலுக்க வந்தான். பக்கத்தில் வரட்டும் என்று நின்று, தலையால் முட்டினேன். அதே சத்தம். மண்டியிட்டு விழுந்தான். விரலிடுக்கில் ரத்தம் வழிய நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்.

"சரி. இப்ப விலை பேசலாமா?"

பேசினோம்.