பெரிய சாரைத் தரையில் உட்கார வைத்த ஒன்றாம் வகுப்பு

யாரிடமும் சண்டை போடாமலே போய்விட்ட என் அருமை மதினிக்கு,

உங்களுக்காக நான் பழி வாங்கிவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். "சும்மா இரு தாயி, நமக்கு எதுக்குப் பொல்லாப்பு" என்று கையைப் பிடித்து இழுக்க நீங்கள் பக்கத்தில் இல்லை. அதனால்தான் முடிந்தது.

ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, விக்கிரமசிங்கபுரத்தில் ஒரே பள்ளிக்கு நடந்துபோன இரண்டு டீச்சர்கள் நாம். எனக்கு நான்காம் வகுப்பு. என் அண்ணன் மனைவியான உங்களுக்கு ஒன்றாம் வகுப்பு. மில்லில் நூல் சுற்றிக் கழித்துப்போட்ட அட்டைக் கோன்கள், தேங்காய்ச் சிரட்டைகள், ஆற்றுக் கூழாங்கற்கள், என்னுடைய பழைய சேலை ஒன்று, இவ்வளவுதான் உங்கள் விளையாட்டு மூலை. தினமும் ஒரு மணி நேரம் பிள்ளைகள் அதை வைத்து என்னவேண்டுமானாலும் செய்யலாம். நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

"போய்ச் சொல்லிக் குடுங்களேன் மதினி" என்று ஒருநாள் கேட்டேன். "அவங்களா கூப்பிட்டாத்தான் உள்ள போகணும். கூப்பிட்டு என்ன வேலை குடுத்தாலும் செய்யணும்" என்றீர்கள். அன்று பிள்ளைகள் உங்களுக்குக் கொடுத்த வேலை, கன்றுக்குட்டியாக நிற்பது.

பள்ளியில் சேர்ந்து மாதக்கணக்கில் வாயே திறக்காத முத்துராஜ் அந்த மூலையில்தான் பேசினான். கோன்களை வரிசையாக நிறுத்தி பஸ் ஆக்கி, "பாபநாசம், பாபநாசம், ஏறு ஏறு" என்று கத்தினானே! புளியங்கொட்டையை டிக்கெட்டாகக் கொடுத்துக் கொடுத்தே எண்ணவும் கற்றுக்கொண்டான். அவன் அம்மா வாசலில் நின்று அழுததை நானும் பார்த்தேன்.

பிள்ளைகள் 'பெரிய சார்' என்று கூப்பிடும் நம் ஹெட்மாஸ்டரும் அந்த மூலையைப் பார்த்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் குப்பை.

சரஸ்வதி பூசைக்கு எல்லா வகுப்பும் புத்தகத்தை அடுக்கியபோது, நீங்கள் கோனுக்கும் சிரட்டைக்கும் சந்தனப் பொட்டு வைத்துப் பக்கத்தில் வைத்தீர்கள். மில்காரர் மிஷினுக்குப் பொட்டு வைக்கிறார், ஒன்றாம் வகுப்புக்கு ஆயுதம் இதுதானே என்றீர்கள். அதில் என்ன தப்பு?

"சாமி முன்னால குப்பையக் கொண்டு வச்சிருக்கியளே, புத்தி இருக்கா உங்களுக்கு?" அத்தனை பேர் முன்னால் அவர் கேட்டார். பிறகு பொட்டோடு எல்லாவற்றையும் அள்ளிக் கொல்லையில் போட்டுக் கொளுத்தச் சொன்னார். முத்துராஜ் உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், பஸ்ஸு எரியுது" என்றான். நீங்கள் அவன் தலையைத் தடவிக்கொண்டே நின்றீர்கள். ஏன் மதினி பேசவில்லை?

பூசை விடுமுறை முடிந்து வந்தால், உங்களை ஐந்தாம் வகுப்புக்கு மாற்றியிருந்தார். அடுத்த மழைக்குள் நோய் உங்களைக் கொண்டுபோய்விட்டது. அவர்தான் கொன்றார் என்று சொல்ல மாட்டேன். வயிற்றில் வந்த கட்டிக்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "அந்தப் பய இப்பவும் பேசுதானா?" என்று கேட்டீர்களே, அந்தக் கவலைக்கு அவர்தான் பொறுப்பு. பேசுகிறான் மதினி. அடக்கத்தான் ஆளில்லை.

இப்போது காற்று திரும்பிவிட்டது. சின்ன வகுப்புகளில் பிள்ளைகளைத் தம் போக்கில் விளையாடவிட்டுக் கற்பிக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. உடனே ஒரு கண்ணாடி அலமாரி, அது நிறைய பிளாஸ்டிக் கட்டைகள், அதற்கு ஒரு பூட்டு. சாவி பெரிய சார் சட்டைப் பையில். "ரொம்ப நாளா என் மனசுல இருந்த விஷயம்" என்று எல்லோரிடமும் சொல்கிறார். ஒன்றாம் வகுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டு, கொக்குப்போலக் காத்திருந்தேன்.

கல்வி ஆபிசர் பள்ளியைப் பார்வையிட வருவதற்கு முந்தைய வாரம் முழுக்க ஒத்திகை. மஞ்சள்மேல் சிவப்பு, சிவப்புமேல் நீலம்; பெரிய சார் கைதட்டினால் எல்லாம் அலமாரிக்குள். அவர் போனதும் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு விளையாட்டு ஆடினார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நிறுத்தவும் இல்லை.

ஆபிசரம்மா வந்தார். "இஷ்டத்துக்கு விளையாடுங்க பிள்ளைகளா" என்றேன், அவ்வளவுதான். என் வகுப்பு இசக்கியம்மாள், பெரிய சார் மாதிரியே ஸ்கேலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். "ஏலே, தொடாத! பைய வைலே! ஆபிசர் வாராவ, ஒழுங்கா விளையாடு, இல்லன்னா தோல உரிச்சிருவேன்!" பிறகு கைதட்டி, "போயிட்டாவ, எல்லாத்தையும் உள்ள போடு!" என்று ஒரு சாக்பீஸால் அலமாரியைப் பூட்டினாள்.

ஆபிசரம்மா சிரித்தார். பிறகு உண்மையான பூட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"டீச்சர், நிறுத்துங்க" என்று பெரிய சார் பல்லைக் கடித்தார். "பிள்ளைங்க கூப்பிடாம விளையாட்டுக்குள்ள போகக் கூடாது சார். எங்க மதினி சொன்னது" என்றேன். யார் அந்த மதினி என்று ஆபிசரம்மா கேட்டார். சொன்னேன். பொட்டு வைத்ததையும் கொளுத்தியதையும் பெரிய சாரை வைத்துக்கொண்டே சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து இசக்கியம்மாள் கூப்பிட்டாள். "பெரிய சார், நீங்கதான் ஒண்ணாங்கிளாஸ் பையன். இங்கன சம்மணம் போட்டு உக்காருங்க." ஆபிசரம்மா, "கூப்பிடுறாங்களே சார், போங்க" என்றார். மதினி, அவர் வெள்ளைப் பேன்ட்டோடு தரையில் உட்கார்ந்தார்! "வாயில வெரல வைலே" என்றாள். வைத்தார். அன்று ராத்திரி எனக்குச் சோறு அப்படி இறங்கியது.

ஆனால் ஒன்று. கட்டை அடுக்கச் சொன்னார்கள், அடுக்கினார். ஒரு பயல் அதைத் தட்டிவிட்டான். "ஏய், என் கோபுரம்!" என்று கத்தினார், சின்னப் பிள்ளை மாதிரியே. பிள்ளைகள் சிரிக்க, அவரும் சிரித்தார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அசிங்கப்படட்டும் என்று பார்த்தால், மனுஷன் விளையாடிவிட்டார்.

சாயங்காலம் குழாயடியில் வந்து நின்றார். "உங்க மதினி நல்ல டீச்சர்தான்" என்றார். "அத அவங்க இருக்கும்போது சொல்லியிருக்கணும் சார்" என்று கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். நீங்களாக இருந்தால் காப்பி போட்டுக் கொடுத்திருப்பீர்கள்.

பூட்டைக் கழற்றிப் பிள்ளைகளிடமே கொடுத்தாயிற்று. இன்று அது ஒரு பசுவின் கழுத்து மணி. கோனும் சிரட்டையும் மறுபடி சேர்ந்துகொண்டிருக்கின்றன.

சத்தியமாகச் சொல்கிறேன் மதினி. அவர் ஓய்வு பெறும்வரை வெள்ளிக்கிழமைதோறும் இசக்கியம்மாளை அனுப்பி அவரை அழைத்துவரச் சொல்வேன், தரையில் உட்கார வைப்பேன். அது அவருக்குப் பிடித்தே போனாலும் சரி, நான் மன்னிக்க மாட்டேன்.

உங்களைப்போல் நல்லவளாக இருக்கத் தெரியாத,
உங்கள் நாத்தனார்