மலை உன்னைக் கொல்லவில்லை, தாமு

என் ஆசைக்கும் ஆத்திரத்துக்கும் உரிய தாமு,

முடித்துவிட்டேன். குடகு மலையில் நீ நடந்த அதே நடை. உன் பையையே முதுகில் மாட்டிக்கொண்டு, ஒரு கோடியில் ஏறி மறுகோடியில் இறங்கி, நேற்று வீடு வந்து சேர்ந்தேன். முட்டி இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. கணுக்காலில் அட்டை கடித்த இடமெல்லாம் அரிக்கிறது. சிரிக்காதே.

கல்யாணமான நாளிலிருந்து "ஒரே ஒரு தடவ வாடி" என்று கெஞ்சினாயே, அப்போதெல்லாம் வராதவள் இப்போது ஏன் போனாள் என்று கேட்பாய். கோபத்தில் போனேன். வேறென்ன இருக்கிறது என்னிடம்?

முதல் கோபம் அந்த பேனர் மேல். நீ போன மறுநாளே உன் கம்பெனி ஆட்கள் தெருமுனையில் கட்டினார்கள். உன் படத்துக்குப் பின்னால் பெரிய பனிமலை. பனிக்கட்டியை நீ ஃப்ரிட்ஜில்தான் பார்த்திருக்கிறாய். கீழே "சிகரம் தொட்ட சிங்கமே" என்று கொட்டை எழுத்து. அன்றைக்குக் கிளம்பிய பொய் ஒரு வருஷமாக ஓடுகிறது. துக்கம் கேட்க வந்த எல்லாரும், "மலைக்கெல்லாம் இன்னாத்துக்கும்மா உட்டே?" என்று என்னைத்தான் கேட்டார்கள். என்னமோ நானே உன்னை உச்சியிலிருந்து தள்ளிவிட்ட மாதிரி.

நீ மலையிலிருந்து பத்திரமாக இறங்கிவிட்டாய் என்பது ஒருத்தருக்கும் வேண்டியிருக்கவில்லை. பெங்களூர் பஸ்ஸில் வந்து வானகரத்தில் இறங்கி எனக்குப் போன் பண்ணினாய். நல்ல வெயில் வந்துவிட்ட காலை. "ஆட்டோ பிடிச்சு வா" என்றேன். "மலையவே நடந்து தாண்டியாச்சு, ஊட்டுக்கு ஆட்டோவா? மானம் பூடும்டி" என்றாய்.

அது உன் சட்டம். வீட்டு வாசலிலிருந்து நடந்து கிளம்பினவன் நடந்துதான் வாசலுக்குத் திரும்ப வேண்டும். பையின் இடுப்பு பெல்ட்டை வாசலில்தான் அவிழ்க்க வேண்டும். அதுவரை நடை முடியவில்லை என்று கணக்கு. பெரிய சட்டம். யார் கேட்டார்கள் உன் சட்டத்தை?

அந்த ரோட்டில் மனுஷன் நடக்க ஓரம் என்று ஒன்று இருக்கிறதா? மழைத்தண்ணீர் போகட்டும் என்று தோண்டினார்கள், பாதியில் போட்டுவிட்டுப் போனார்கள். பள்ளத்தைச் சுற்றிவர நீ தார் ரோட்டில் கால் வைத்தாய். பின்னால் தொழிற்பேட்டைக்குப் போகிற லாரி. அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அந்த நேரம் நான் உனக்குத்தான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சோற்றை என்ன செய்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

உன் அம்மாவும் மலை என்றே சொன்னார். பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம்புள்ளைய மலை முழுங்கிச்சு" என்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏன் அத்தே இல்லாததைச் சொல்றீங்க? ரோட்லதானே அவர் போனார்?"

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "பின்ன இன்னான்னு சொல்லச் சொல்றே? நாய் கணக்கா ரோட்ல அடிபட்டுக் கெடந்தான்னு சொல்லவா? மலைன்னா ஒரு மருவாதியாச்சும் கீது."

உன் சாவுக்கு மரியாதை கிடைத்தது, சரி. அந்தப் பள்ளத்துக்கு? அதைத் திறந்துபோட்டவர்களுக்கு? பழியை எல்லாம் மலை சுமந்துகொண்டது, அவர்கள் கைவீசிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன். மலையை நானே போய்ப் பார்த்துவிடுவது என்று.

போலீஸ் ஸ்டேஷனில் திருப்பிக் கொடுத்த உன் பையில் ஒரு தோள்வார் அறுந்திருந்தது. நான் தைக்கிற கம்பெனிக்கு எடுத்துப் போய் என் மெஷினிலேயே இரட்டைத் தையல் போட்டேன். கிளம்புகிற அன்று உன் அம்மா வாழ்த்திய வாழ்த்தைக் கேள்: "போ, நீயும் போய்ச் சேரு." அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உண்மையைச் சொல்கிறேன், உன் மலை எனக்குப் பிடிக்கவில்லை. ஈரம் காயாத சாக்ஸ், நாள் முழுக்க ஏற்றம், ராத்திரி முழுக்கக் கூடாரத் துணியில் மழைச் சத்தம். இதற்காகவா நாள் நாளாக லீவு சேர்த்தாய்? மனுஷன் காசு கொடுத்துப் படுகிற பாடா இது? ஆனால் ஒன்று. அங்கே எதுவும் ஏமாற்றவில்லை. வழுக்குகிற பாறை, வழுக்குவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வழுக்குகிறது. பள்ளம் பள்ளமாகவே தெரிகிறது.

வழிகாட்டி பொன்னப்பா முதல்நாளே பையை அடையாளம் கண்டுகொண்டார். "இது தாமு பேக் அல்லவா? தாமு எங்கே, வரல்லியா?" என்றார் அவருடைய அரைகுறைத் தமிழில். அவருக்குத் தெரியாது. சொன்னேன். "ரோட்டிலேயா?" என்று கேட்டார். மறுபடியும், "சமமான ரோட்டிலேயா?" என்றார். நான் தலையாட்டினேன்.

"தாமு கால் வெக்கறது நான் பார்த்திருக்கேன். கல்லு அசையுதா பார்த்துதான் வெப்பார். அதனாலேதான் அவரை நான் எப்பவும் கடைசியிலே விடறது."

வரிசையில் கால் உறுதியான ஆள்தான் கடைசியில் நடக்க வேண்டுமாம், முன்னால் போகிற ஒருத்தரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள. இதை ஏன் நீ என்னிடம் சொல்லவே இல்லை? ஊரான் பிள்ளைகளை எல்லாம் பத்திரமாகக் கூட்டிவந்து சேர்த்தாய். கட்டினவளை மட்டும் பாதியில் விட்டாய்.

நேற்று சாயங்காலம் வானகரத்தில் இறங்கினேன். "அக்கா, பை பெருசா கீது, குந்துக்கா, எங்க போணும்?" என்று ஆட்டோக்காரர் ஒருவர் கூடவே வந்தார். வேண்டாம் என்று நடந்தேன். மலையில் வராத பயம் அங்கே வந்தது. ஒவ்வொரு ஹாரனுக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. உன் சட்டத்தைத் திட்டிக்கொண்டேதான் நடந்தேன், ஆனால் நடந்தேன். நீ விட்ட மிச்சத்தை முடிக்காமல் அந்த பெல்ட்டை எப்படி அவிழ்ப்பது?

பள்ளத்தின் அருகில் உன் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

ஒரு வருஷமாக அந்தப் பக்கமே வராதவர். எங்கே போவதென்றாலும் ஏரிக்கரைத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறவர். பஸ்ஸிலிருந்து நான் போன் பண்ணியபோது "உம்" என்று மட்டும் சொல்லி வைத்தவர்.

"இங்கதானா?" என்றார்.

"ஆமாத்தே."

எட்டிப் பார்த்தார். பச்சைத் தண்ணீர், நாலைந்து பிளாஸ்டிக் டம்ளர், சிவப்புத்துணி கட்டிய ஒரு குச்சி. அவ்வளவுதான் இந்த ஒரு வருஷத்தில் அவர்கள் செய்த வேலை. ஒரு குச்சி.

எதிர் டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, இரக்கமாகத்தான் கேட்டார். "இன்னாம்மா, மலைல தவறிப்போச்சே, அந்தப் புள்ளையோட அம்மாதானே நீ?"

உன் அம்மா திரும்பினார். நிதானமாக, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்.

"மலைல இல்ல நைனா. மலைலேர்ந்து எம்புள்ள நல்லாத்தான் எறங்கி வந்தான். இங்கதான் செத்தான். இந்தப் பள்ளத்தாண்ட, உன் கடைக்கு எதுத்தாப்ல. நீ பாத்துகினுதானே இருந்தே?"

கடைக்காரர் குனிந்து டம்ளர் கழுவ ஆரம்பித்தார்.

"வா, போலாம்" என்றார் உன் அம்மா என்னிடம். அவரை முன்னால் விட்டேன். நான் கடைசியில் நடந்தேன். லாரி வரும்போதெல்லாம் அவர் முந்தானையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். வாசலில் உன் அம்மாவே பெல்ட்டை அவிழ்த்தார். ரொம்ப நேரம் பிடித்தது. "வந்துட்டியாடா" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

உன் நடை முடிந்தது. எனக்கு ஆறவில்லை, தாமு. அந்த லாரிக்காரன் யார்? பள்ளம் இன்னும் ஏன் திறந்து கிடக்கிறது? யாரிடம் போய்க் கேட்பது? மலையிடம் கேட்டிருந்தால் அதுவாவது திருப்பி எதிரொலித்திருக்கும்.

ஒரு வாக்கு கொடுக்கிறேன். இனி மலைக்குப் போக மாட்டேன். அது பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆனால் நீ செத்த நாளில், வருஷா வருஷம், உன் பையை மாட்டிக்கொண்டு வானகரத்திலிருந்து வீட்டுக்கு நடப்பேன். உன் அம்மா முன்னால், நான் பின்னால். ஏன் நடக்கிறீர்கள் என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் அந்த இடத்தைக் காட்டுவேன். பள்ளத்தை மூடினாலும் காட்டுவேன்.

கடைசியில் நடக்கும்,
உன் பெண்டாட்டி சுமதி